பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்

மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக ஓர் எச்சரிக்கை வழங்கி வருகிறது. "பழைய வண்டிக்குச் சிந்தெடிக் ஆயில் ஊற்றாதீர்கள், எஞ்சின் ஒழுகத் தொடங்கிவிடும்" என்பதே அது. எண்ணெய் விற்பவரோ, "அதெல்லாம் அந்தக் காலம், இதை ஊற்றினால் பழைய எஞ்சினும் புதிதுபோல் ஓடும்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? தவறாக முடிவெடுத்தால் நேரும் இழப்பு சிறியதன்று. எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் செலவு, சில பழைய வண்டிகளின் விலையையே விஞ்சிவிடும்.

இக்கேள்விக்கு விடை காண, உயவு எண்ணெயின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவ்வரலாற்றில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. மோட்டார் எண்ணெய் மூன்று முறை பெரிய மாற்றம் அடைந்துள்ளது. மூன்று முறையும், பழைய எஞ்சினில் புதிய எண்ணெயை ஊற்றலாமா என்ற அச்சம் எழுந்தது. மூன்று முறையும் அந்த அச்சத்திற்குத் தக்க காரணம் இருந்தது. காரணம் மறைந்த பின்னும் அச்சம் மட்டும் மறையவில்லை.

எண்ணெய் செய்யும் வேலை

முதலில், எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். "வழுக்கச் செய்கிறது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அறிஞர்களுக்கும் அதற்குமேல் தெரியாது.

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்னும் பொறியாளர், இரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளைப் பற்றி ஆராய்ந்து வந்தார். சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் மூழ்கியிருந்தது. மேற்பகுதியில் சுமையைத் தாங்கும் தாங்கி அமர்ந்திருந்தது. எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது, துளை வழியாக எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக மேலே பொங்கி வந்தது! துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின் மீதிருந்த சுமை, சதுர அங்குலத்திற்குச் சராசரியாக 100 பவுண்டு அழுத்தத்தையே தரக்கூடியது. 200 பவுண்டு வரை காட்டும் அழுத்தமானியின் முள்ளோ எல்லையைத் தாண்டிச் சென்றது.

இதன் பொருளை விளக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் இயற்பியல் அறிஞர். 1886-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுரை, இன்றும் உயவியலின் அடிப்படையாக உள்ளது. அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் அச்சு, எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டுபோய்க் குறுகிய இடைவெளிக்குள் ஆப்பு அடிப்பதைப்போல் திணிக்கிறது. அப்போது தோன்றும் அழுத்தமே சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. ஆகவே சுமையைத் தாங்குவது உலோகம் அன்று. தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலமே.

இப்படலத்தின் கனம், எண்ணெயின் பாகுநிலையைப் பொறுத்தது. பாகுநிலையோ வெப்பத்தைப் பொறுத்து மாறுவது. டவர் பயன்படுத்திய ஆலிவ் எண்ணெயின் பாகுநிலை, சூடேறச் சூடேற எவ்வாறு குறைகிறது என்பதை ரெனால்ட்ஸ் தாமே அளந்து தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இன்று கடையில் விற்கும் எஸ்.ஏ.இ. 30 தர எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பாகை செல்சியஸில் அதன் பாகுநிலை ஏறத்தாழ 100 சென்டிஸ்டோக். 100 பாகையில் அது சுமார் 11 ஆகிவிடுகிறது. 60 பாகை வெப்பம் கூடியதும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது அன்றோ? குளிரில் கூழாக உறையக் கூடாது. சூட்டில் தண்ணீராக ஓடக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளை நிறைவு செய்ய மனிதன் எடுத்த முயற்சியே மோட்டார் எண்ணெயின் வரலாறு.

விளக்கெண்ணெயிலிருந்து கனிம எண்ணெய்க்கு

நம் நாட்டு மாட்டு வண்டியின் அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த மையைத் தடவி வந்தனர். மேலை நாடுகளில் விலங்குக் கொழுப்பும், ஆலிவ் எண்ணெயும், திமிங்கில எண்ணெயும் பயன்பட்டன. 1859-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகுதான் கனிம எண்ணெய் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. 1866-ஆம் ஆண்டில் ஜான் எல்லிஸ் என்னும் மருத்துவர், கச்சா எண்ணெயிலிருந்து நீராவி எஞ்சின்களுக்கான உயவு எண்ணெய் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் எண்ணெய் பின்னர் வால்வோலின் என்னும் பெயர் பெற்றது.

ஆயினும் தாவர எண்ணெய் உடனே மறைந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழல் எஞ்சின்கள் விளக்கெண்ணெயாலேயே இயங்கின. அவ்வெஞ்சின்களில் பெட்ரோல் கலந்த காற்று, எண்ணெய் உலவும் அறையின் வழியாகவே உருளைகளுக்குச் சென்றது. கனிம எண்ணெயைப் பெட்ரோல் எளிதில் கரைத்து அடித்துச் சென்றுவிடும். விளக்கெண்ணெயை அவ்வாறு கரைக்க இயலாது. 1899-ஆம் ஆண்டில் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம் 1909-இல் தன் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டதும், ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்ற சொல்லிலிருந்தே.

விளக்கெண்ணெயின் குறை, அது சூட்டில் பிசினாக மாறிப் படிவது. எனவே மோட்டார் வண்டிகள் கனிம எண்ணெய்க்கு மாறின. முதல் அச்சம் எழுந்தது அப்போதுதான். விளக்கெண்ணெய் ஓடிய எஞ்சினில் கனிம எண்ணெயை ஊற்றலாமா? கூடாது என்றனர், அது சரியே. விளக்கெண்ணெயின் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால், அது சாதாரண வெப்பநிலையில் கனிம எண்ணெயுடன் நன்றாகக் கலப்பதில்லை. பழைய எண்ணெயை முற்றிலும் நீக்கிய பிறகே புதியதை ஊற்ற வேண்டியிருந்தது.

அழுக்கைக் கழுவும் எண்ணெய்

கனிம எண்ணெய்களிலும் தர வேறுபாடு மிகுதி. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் பொறியாளர் கழகம், எண்ணெய்களைப் பாகுநிலைக்கேற்ப எண்ணிட்டு வகைப்படுத்தியது. புட்டியில் நாம் காணும் எஸ்.ஏ.இ. என்னும் எழுத்துகள் அக்கழகத்தையே குறிக்கின்றன. 1929-இல் டீன், டேவிஸ் என்னும் இருவர், வெப்பத்தால் பாகுநிலை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் பாகுநிலைக் குறியெண்ணை வகுத்தனர். மிகக் குறைவாக மாறிய பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100 என்றும், மிக அதிகமாக மாறிய மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் மதிப்பளித்தனர். அன்று இயற்கையில் கிடைத்தவற்றுள் சிறந்ததே 100. அதை விஞ்சும் எண்ணெய் உண்டாகும் என்று அவ்வளவுகோல் எதிர்பார்க்கவில்லை.

1930-களில் டீசல் எஞ்சின்கள் பெருகியபோது புதியதொரு தொல்லை தோன்றியது. எரியாத கரி, பிஸ்டன் வளையங்களின் பள்ளத்தில் படிந்து அவற்றை இறுகச் செய்தது. இதற்கு மருந்தாக, சோப்பைப்போல் வேலை செய்யும் அழுக்கு நீக்கிகளை எண்ணெயில் சேர்த்தனர். இவை கரித்துகள்களைப் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைத்தன. எண்ணெய் விரைவில் கறுத்தது. எஞ்சின் தூய்மையாக இருந்தது. 1947-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எண்ணெய்களை மூவகையாகப் பிரித்தபோது, இத்தகைய எண்ணெய் தனி வகையாகவே இடம்பெற்றது.

இரண்டாம் அச்சம் இப்போது எழுந்தது. பல ஆண்டுகள் சாதாரண எண்ணெயில் ஓடிய எஞ்சினின் அடியிலும் இடுக்குகளிலும் கசடு தடித்துப் படிந்திருக்கும். அதில் திடீரென்று அழுக்கு நீக்கி கலந்த எண்ணெயை ஊற்றினால், கசடு பெயர்ந்து எண்ணெய் செல்லும் குறுகிய வழிகளை அடைத்துவிடக்கூடும். அடைத்தால் தாங்கிக்கு எண்ணெய் எட்டாது, படலம் அறும், எஞ்சின் பழுதாகும். இந்த அச்சமும் அடிப்படை அற்றதன்று. ஆனால் தொடக்கம் முதலே அத்தகைய எண்ணெயில் ஓடிய எஞ்சின்களுக்கு இது பொருந்தாது.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண்ணெய்

கச்சா எண்ணெயில் எண்ணற்ற வகை மூலக்கூறுகள் கலந்துள்ளன. வடித்துப் பிரிக்கும்போது நல்லவற்றோடு மெழுகும் கந்தகமும் சேர்ந்தே வருகின்றன. இவற்றைச் சலித்தெடுப்பதைவிட, வேண்டிய மூலக்கூற்றை நாமே கட்டினால் என்ன? இவ்வாறு சிறு மூலக்கூறுகளைத் தொகுத்துச் செய்யப்படுவதே தொகுப்பு எண்ணெய். சிந்தெடிக் என்று கடையில் கேட்பது இதைத்தான்.

இவ்வெண்ணம் பழமையானது. 1877-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு வேதியியலார் ஃப்ரீடலும், அவருடன் பணியாற்றிய அமெரிக்கர் கிராஃப்ட்சும் அலுமினியம் குளோரைடைக் கொண்டு ஹைட்ரோகார்பன் எண்ணெயை உண்டாக்கினர். 1931-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இண்டியானா ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனத்தில் சல்லிவன் குழுவினர் இம்முறையில் நல்ல உயவு எண்ணெய் செய்து காட்டினர். ஆனால் வாங்குவார் இல்லை. பூமியிலிருந்து மலிவாக எண்ணெய் கிடைக்கும்போது, விலையுயர்ந்த ஆய்வுக்கூட எண்ணெய் எதற்கு?

அதன் தேவையைப் போர் உணர்த்தியது. ஜெர்மனிக்குப் போதிய எண்ணெய்க் கிணறுகள் இல்லை. அங்கு ஹெர்மன் சோர்ன் என்னும் வேதியியலார், எஸ்டர் எனப்படும் சேர்மங்களை ஆயிரக்கணக்கில் செய்து சோதித்தார். 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரஷ்யாவில் நுழைந்த ஜெர்மன் படையின் வண்டிகளில் எண்ணெய் இறுகிப்போயிற்று. எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிய பிறகே பல வண்டிகள் கிளம்பின. மெழுகற்ற எண்ணெயின் அருமையை இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துக்காட்டியிருக்க முடியாது.

போருக்குப் பின் வந்த ஜெட் விமானம் இதை உறுதி செய்தது. தரையில் கொதிக்கும் சூடு, வானில் உறைய வைக்கும் குளிர். இரண்டையும் தாங்கக் கனிம எண்ணெயால் இயலவில்லை. 1950-களிலிருந்து ஜெட் எஞ்சின்கள் எஸ்டர் எண்ணெய்களையே நாடின. அமெரிக்காவின் துலூத் நகரில் போர் விமான அணியொன்றின் தலைவராக இருந்த ஆல்பர்ட் அமட்டூசியோ, விமானத்திற்கு நன்மை செய்யும் எண்ணெய் மோட்டார் வண்டிக்கும் ஏன் ஆகாது என்று எண்ணினார். 1972-இல் அவர் வெளியிட்ட எஸ்டர் எண்ணெய், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரத்தை எட்டிய முதல் தொகுப்பு மோட்டார் எண்ணெய் ஆயிற்று. 1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, எண்ணெய்ச் சிக்கனத்தை உலகுக்குக் கற்பித்தது. 1974-இல் மோபில் 1 வந்தது. இதன் அடிப்படை எஸ்டர் அன்று. பாலிஆல்ஃபா ஓலிஃபின் என்னும் ஹைட்ரோகார்பன். பத்துக் கார்பன் அணுக்களைக் கொண்ட டெசீன் மூலக்கூறுகளை மூன்றும் நான்குமாக இணைத்துச் செய்வது. இதில் மெழுகு இல்லாததால் சுழியத்திற்குக் கீழே 50 பாகையிலும் ஓடக்கூடியது.

ஒழுக்கு எவ்வாறு வந்தது?

மூன்றாம் அச்சம் இங்கே பிறந்தது. 1970-களில் தொகுப்பு எண்ணெய்க்கு மாறிய பழைய வண்டிகள் சிலவற்றில் எண்ணெய் கசிந்தது உண்மை. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது இரப்பரின் இயல்பு. எஞ்சினின் சுழலும் தண்டுகள் வெளிவரும் இடங்களில் ஆயில் சீல் எனப்படும் இரப்பர் வளையங்கள் உள்ளன. கனிம எண்ணெயிலுள்ள சில மூலக்கூறுகள் இரப்பருக்குள் ஊடுருவி அதைச் சற்று உப்பச் செய்யும். சீல் இவ்வாறு உப்பிய நிலையில்தான் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். பாலிஆல்ஃபா ஓலிஃபினுக்கு உப்பச் செய்யும் இயல்பு இல்லை. எண்ணெயை மாற்றியதும் சீல் சுருங்கியது, இடைவெளி தோன்றியது, எண்ணெய் கசிந்தது. எஸ்டரின் இயல்போ இதற்கு நேர்மாறு. அது இரப்பரை மிகுதியாக உப்பச் செய்வது. நோய் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. சுருக்குவதையும் உப்பச் செய்வதையும் தக்க அளவில் கலந்து, இரப்பரைப் பொறுத்தவரை கனிம எண்ணெயைப்போலவே நடந்துகொள்ளும் எண்ணெயைச் செய்தனர். சீல் செய்யும் இரப்பரும் காலப்போக்கில் மேம்பட்டது.

இரண்டாவது காரணம், நாம் முன்பு கண்ட கசடு. தேய்ந்து கெட்டிப்பட்ட சீலின் வெடிப்பைப் பல ஆண்டுக் கசடு அடைத்துக்கொண்டிருக்கும். புதிய எண்ணெய் அதைக் கழுவியதும் மறைந்திருந்த வெடிப்பு வெளிப்படும். இங்கே எண்ணெய் ஒழுக்கை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

கலக்கக் கூடாது என்ற அச்சத்திற்கும் ஒரு வேர் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விற்பனைக்கு வந்த ஒருவகைத் தொகுப்பு எண்ணெய் பாலிகிளைக்கால் என்னும் சேர்மத்தால் ஆனது. அது கனிம எண்ணெயுடன் கலக்காது. இன்று தரச்சான்று பெற்ற மோட்டார் எண்ணெய்கள், பிற எண்ணெய்களுடன் பிரிந்து நிற்காமல் கலக்கின்றனவா என்று சோதிக்கப்பட்டே வெளிவருகின்றன.

பெயரால் வந்த பூசல்

இதற்கிடையில் கனிம எண்ணெயும் மாறிவிட்டது. கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து, மூலக்கூறுகளை உடைத்துத் திருத்தி அமைக்கும் முறை வளர்ந்தது. இவ்வாறு கிடைக்கும் எண்ணெயின் பாகுநிலைக் குறியெண் 120-க்கும் மேல். 1990-களின் இறுதியில் காஸ்ட்ரால் நிறுவனம், தன் தொகுப்பு எண்ணெயில் பாலிஆல்ஃபா ஓலிஃபினுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தியது. இதைத் தொகுப்பு எண்ணெய் என்று விளம்பரம் செய்யலாகாது என்று மோபில் நிறுவனம் முறையிட்டது. 1999-இல் அமெரிக்க விளம்பர ஆய்வுக் குழு, காஸ்ட்ராலுக்கு ஆதரவாகக் கருத்துரைத்தது. அதன்பின் சிந்தெடிக் என்னும் சொல், தயாரிக்கும் முறையைக் காட்டிலும் எண்ணெயின் தரத்தையே பெரும்பாலும் குறிக்கலாயிற்று. இன்று இப்பெயரில் விற்பவற்றுள் பலவற்றின் மூலம் கச்சா எண்ணெயே. 1970-களின் எண்ணெயைப் பற்றிய எச்சரிக்கையை இன்றைய எண்ணெய்க்குச் சொல்வது, பெயரை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்வது போன்றது.

பலரும் கவனிக்காத மாற்றம்

பழைய அச்சம் இவ்வாறு பொருளற்றதாகி வருகையில், எண்ணெயில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய வண்டிக்காரர் உண்மையில் கவனிக்க வேண்டியது அதுவே.

எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும் இடங்களில் உலோகத்தைக் காப்பதற்காக, துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட ஒரு சேர்மத்தை எண்ணெயில் நெடுங்காலமாகச் சேர்த்து வருகின்றனர். அழுத்தமும் சூடும் மிகுந்த இடத்தில் அது சிதைந்து, உலோகத்தின் மேல் ஒரு காப்புப் பூச்சை உண்டாக்குகிறது. பழைய எஞ்சின்களில் வால்வைத் திறக்கும் கேமின் மூக்கு, டாப்பெட்டின் தட்டையான முகத்தில் நேரே உராய்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த எஞ்சினைக் கொண்ட அம்பாசடர் வண்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அவ்விடத்தில் இக்காப்புப் பூச்சு மிகத் தேவை.

ஆனால் புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி மாற்றிக்குப் பாஸ்பரஸ் நஞ்சாகும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும், இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995-இலிருந்தும் புதிய பெட்ரோல் கார்களில் இக்கருவி இடம்பெற்றது. எனவே எண்ணெயில் பாஸ்பரசின் அளவைக் குறைத்தனர். 1990-களின் தொடக்கத்தில் 0.12 விழுக்காடாக இருந்த உச்ச அளவு, 2004-இல் மெல்லிய தர எண்ணெய்களுக்கு 0.08 ஆயிற்று. உருளும் சக்கரம் பொருத்திய புதிய எஞ்சின்களுக்கு இதனால் தீங்கில்லை. தட்டை டாப்பெட் கொண்ட எஞ்சினுக்கு இது தேய்மானத்தை உண்டாக்கக்கூடும். இது கனிம எண்ணெய்க்கும் தொகுப்பு எண்ணெய்க்கும் பொதுவானது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு எது?

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் பாருங்கள், வண்டியின் கையேட்டில் குறித்துள்ள பாகுநிலைத் தரத்தை. தொகுப்பு எண்ணெய் என்பதற்காக 20டபிள்யூ-40 கேட்கும் எஞ்சினில் 0டபிள்யூ-20 ஊற்றினால் படலம் மெலியும். அது எண்ணெயின் குற்றமன்று. அடுத்து எஞ்சினின் அடிப்பகுதியைப் பாருங்கள். இப்போதே கசிவு இருந்தால், முதலில் சீலையும் கேஸ்கட்டையும் மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் கரிய பசைபோன்ற கசடு தெரிகிறதா? அப்படியானால் அவசரப்படாதீர்கள். கனிம எண்ணெயையே குறுகிய இடைவெளியில் இரண்டொரு முறை மாற்றி, வடிகட்டியையும் மாற்றிய பிறகு யோசிக்கலாம். தட்டை டாப்பெட் எஞ்சின் என்றால், பாஸ்பரஸ் குறைக்கப்பட்ட மெல்லிய தரங்களைத் தவிர்த்துவிடுங்கள். உங்களுடையது எண்ணெயிலேயே கிளட்ச் மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிள் எனில், புட்டியில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்னும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் இருப்பதால் கிளட்ச் நழுவும்.

இவற்றில் எந்தத் தடையும் இல்லையென்றால் தாராளமாக மாறலாம். இன்றைய எண்ணெய் உங்கள் சீலைச் சுருக்காது. ஆனால் மாறித்தான் ஆக வேண்டுமா? தொகுப்பு எண்ணெயின் தலையாய சிறப்பு கடுங்குளிரில் வெளிப்படுவது. சென்னையிலும் மதுரையிலும் அதற்கு வேலை குறைவு. சூட்டில் எளிதில் கெடாது என்னும் மற்றொரு சிறப்பு, நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்குப் பயன் தரும். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் பழைய வண்டிக்கு, தக்க தரமுள்ள கனிம எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றி வந்தாலே போதும்.

டவர் துளையிட்ட தாங்கியிலிருந்து இன்றைய எஞ்சின்வரை, சுமையைத் தாங்குவது அதே மெல்லிய படலந்தான். அப்படலம் அறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. "இதை ஊற்றாதே" என்று எவரேனும் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்தக் காரணம் உங்கள் எஞ்சினில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.